ஆங்கிலத்தில் இல்லாத சம்பந்தி

அடுப்பில் கோப்பி கொதிக்கிறது. உன்னைப் போலவே கறுவாப்பட்டையை முறித்துப் போட்டிருக்கிறேன். முதன்முதல் நீ போட்டதைப் பார்த்தபோது, "கறுவா இறைச்சிக் கறிக்கெல்லோ போடுறது?" என்று முகம் சுளித்தேன். பையைத் திருப்பிப் பார்த்தால் இலங்கைக் கறுவா. உன் மெக்சிக்கோவில் அதைத்தான் கோப்பிக்குப் போடுவார்களாம். இலங்கையில் பிறந்த எனக்குத் தெரியாது. இப்போது வீடு முழுக்க அந்த வாசம். உன்னோடு கதைக்காமல் இருக்க முடியவில்லை.

டோர்வல் விமான நிலையத்தருகே, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் நாம் பக்கத்தில் பக்கத்தில் நின்று தட்டு அடுக்கினோம். நம் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறைப் பிரெஞ்சு மட்டும்தான். சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் "புவென் ப்ரொவேச்சோ" என்பாய். சாப்பாடு உடம்பில் ஒட்டட்டும் என்று அர்த்தமாம். சான்ட்விச்சோடு தனியே இருக்கும் எங்கள் இங்கிலீஷ் மேற்பார்வையாளர், களவு பிடிபட்டவர் போல நிமிர்வார். வேலை முடிந்ததும் 'குட்பை' என்ற ஒரே சொல்லோடு அவர் காருக்குள் இருப்பார். நீயும் நானும் விடைபெறத் தொடங்கினால் பஸ் போய்விடும்.

பிறகு என் மகள், கர்க்லாண்டில் இருக்கும் ஓர் இங்கிலீஷ்காரப் பையனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். அவர்கள் வீட்டில் முதல் விருந்து. மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சொன்ன நேரத்துக்கே போய் நிற்பது அழகில்லை என்று நாலு மணிக்குப் போனேன். பையனின் தாய் மார்கரட் சிரித்த முகத்தோடுதான் வரவேற்றாள். ஆனால் சாப்பிட்ட கை காயுமுன் எழுந்து தட்டுகளை எடுத்தாள். "களைத்திருப்பீர்கள், உங்களை மினக்கெடுத்தக் கூடாது" என்றாள். போகச் சொல்கிறாள் என்று எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து, "கலியாணத்துக்கும் நான் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டேன். மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் உன்னிடம் கொட்டினேன். நீ சிரித்தாய். "அவள் உன்னைக் கலைக்கேல்லை. உன்ரை நேரத்தை எடுக்கக் கூடாதெண்டு இங்கிலீஷ்காரர் நினைக்கினம். எங்கடை நேரத்தைக் குடுக்கவேணும் எண்டு நாங்கள் நினைக்கிறம்." நீ சொன்னது பிரெஞ்சில், என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே இருக்கிறது.

"அப்ப நான் அவளுக்கு ஆர்? நாங்கள் சம்பந்தி எண்டுறதுக்கு இங்கிலீஷிலை ஒரு சொல்லுகூட இல்லை."

நீ கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாய். "எங்களிட்டை இருக்கு. கொன்சுவேக்ரா." மகளின் தாய், மருமகனின் தாய், இருவருக்கும் அந்த ஒரே சொல். அதைக் கேட்டபோது, இந்த ஊரில் என்னை விளங்கிக்கொண்ட ஒருத்தி இருக்கிறாள் என்று பட்டது.

அடுத்த ஞாயிறு நீயே என்னையும் மார்கரட்டையும் உன் வீட்டுக்குக் கூப்பிட்டாய். சாப்பாடு முடிந்ததும் மார்கரட் வழக்கம்போலத் தட்டுகளைச் சேர்த்தாள். நீ அவற்றை வாங்கி மேசையில் வைத்து, "அவோரித்தா" என்றாய். அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். "இப்ப" என்றாய். இதோ கழுவப்போகிறாய் என்று நம்பி அவள் இருந்தாள். நாங்கள் 'பிறகு' என்பதற்குச் சொல்லும் 'பேந்து'க்கு அது உடன்பிறப்பு என்று பாவம் அவளுக்கு எப்படித் தெரியும்? கறுவாக் கோப்பி வந்தது. மறுபடியும் வந்தது. மகன் சின்னவனாக இருந்தபோது செய்த குழப்படிகளைச் சொல்லிச் சொல்லி அவள் சிரித்தாள். இருட்டியபிறகுதான் எழுந்தாள். அதற்குள் கொன்சுவேக்ரா என்று சொல்லப் பழக்கிவிட்டாய், அந்த 'ர' மட்டும் அவள் நாக்கில் புரளவில்லை. மகளின் கலியாணத்தில் நான் முன்வரிசையில் இருந்தேன்.

போன பனிக்காலத்தில் நோய் உன்னைக் கொண்டுபோனது. செத்தவீட்டுக்கு மார்கரட்தான் என்னைக் காரில் கூட்டிவந்தாள். மெக்சிக்கோவிலிருந்து வந்திருந்த உன் தங்கை எங்களை மாறிமாறிப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டாள். மார்கரட் என் தோளில் கைவைத்து, அந்தப் புரளாத நாக்கால், "கொன்சுவேக்ரா" என்றாள். அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

உனக்கு நான் ஒழுங்காக நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் "தே நாதா", ஒன்றுமில்லை என்றிருப்பாய். ஒன்றுமில்லையா? எனக்கு ஒரு சம்பந்தியையே தந்தாயே.

இன்றைக்கு மார்கரட் வருகிறாள். மூன்று என்றால் மூன்றுக்கே மணி அடிப்பாள், அது மாறவில்லை. எத்தனை மணிக்கு எழும்புவாள் என்று மட்டும் என்னைக் கேட்காதே. சாப்பிட்ட தட்டுகள் மேசையிலேயே கிடக்கும். கழுவுவோம், அவோரித்தா.