மாஸ்டரின் கடலைமிட்டாய்

புதுச்சேரி,
ஞாயிறு மாலை

அன்பு மகள் லினெட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அப்பாவின் சர்க்கரை மூவரும் நலம். பிரான்சில், அந்தத் துலூஸ் ஊர்க் குளிரில் நீ எப்படி இருக்கிறாய்? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு ஓடிவிடுவாய், அதனால்தான் காகிதம்.

இன்று எங்கள் கிளாட்வின் மாஸ்டர் இறந்த முதல் வருஷத்துக்குக் கோயிலில் பூசை. ரெக்கார்டர் குழல் ஊதும் எங்கள் கோஷ்டியை உனக்குத் தெரியும், சாரம் பகுதியில் அவர் தெருவுக்கே தெரியும், பாவம். சனிக்கிழமைதோறும் தன் வீட்டு மாடியில் எங்களைக் கட்டி மேய்த்த மனிதர் ஒரு நாளும் திட்டியதில்லை. யாராவது பிசிறடித்தால் ஒரு கடலைமிட்டாய் கொடுப்பார். மென்று முடிக்கும்வரை ஊத முடியாது, பாட்டு பிழைத்துக்கொள்ளும். அதிகம் தின்றது யார் என்று கேட்காதே, என் இடுப்பே சொல்லும். அவர் போனபின் யாரும் குழலைத் தொடவில்லை. பெரிய குழல் ஊதும் அரிகிருஷ்ணன், "மாஸ்டரே இல்ல, இன்னாத்துக்கு மேரியம்மா இதெல்லாம்? இன்னிக்கி ஊதிட்டு முடிச்சிக்கலாம்" என்றார். வீட்டில் நான் தப்பு செய்தால் உன் அப்பா ஒரு வாரம் சொல்லிக்காட்டுவார். அங்கே செய்தால் மிட்டாய். அந்த ஓர் இடமும் போய்விட்டால் நான் எங்கே போவேன்?

பூசை முடிந்து எல்லோரும் அவர் நினைவாக ஊத அந்த மாடியில் கூடினோம். மாஸ்டரின் மனைவி ரூபி அக்கா ஒரு தட்டு நிறையக் கடலைமிட்டாயை நீட்டினார். மறுக்க மனம் வருமா? ஆளுக்கொன்று வாயில் போட்டோம். அந்த நேரம் பார்த்து, பூசை வைத்த பங்குச் சாமியார், "ம், ஆரம்பிங்க" என்றார். அத்தனை பேரும் குழலைப் பிடித்தபடி மாடு அசைபோடுவதுபோல் நின்றோம். துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்துச் சொந்தக்காரர்கள் கண்ணைத் துடைத்தார்கள்! அரிகிருஷ்ணனுக்கு மட்டும் அவசரம், பாதி மிட்டாயோடு ஊதினார். கடலை குழலுக்குள் போய் அடைத்து, கழுத்தைப் பிடித்த கோழிபோல் ஒரு கீச்சு. ரூபி அக்கா முந்தானையால் வாயைப் பொத்தினார். அழுகிறார் என்று ஓடினேன், பார்த்தால் சிரிப்பு, ஒரு வருஷத்துக்குப் பிறகு! "எல்லாரும் ஒரே நேரத்துல தப்பு பண்ணிட்டீங்களே, மனுஷன் இருந்திருந்தா பூரிச்சிப் போயிருப்பாரு" என்றார். அப்புறம் ஊதினோம், சுமாராகத்தான். நான் இரண்டு இடத்தில் சறுக்கினேன், யாரும் முறைக்கவில்லை. படி இறங்கும்போது அரிகிருஷ்ணன் ஒரு குச்சியால் குழலைக் குடைந்தபடி, யாரையும் பார்க்காமல், "சனிக்கிழம அஞ்சு மணிதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று முதலில் கத்தியது நான்தான்.

உன் மேல்மாடியில் யாராவது வாத்தியம் பழகினால் சண்டைக்குப் போகாதே, என்னைப்போல் ஒருத்தியாக இருக்கும். மார்ட்டின் மாமாவுக்குப் பிறந்தநாள் வருகிறது, போன் பண்ண மறக்காதே, மறந்தால் திட்டு எனக்குத்தான். மாதா உன் கூடவே இருக்கட்டும்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
அந்தோணிமேரி