விரலில் ஒட்டிய பலாப்பிசின்

செவ்வாய்க்கிழமை, இரவு.

சோளக்காடு சந்தையில் பலாப்பழம் விற்கிற நான், டயட் என்று காலையிலிருந்து வெறும் டீயோடு கடையில் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் வருகிறவர்கள் ருசி பார்க்கத் தினமும் ஒரு பழத்தைப் பிளந்து வைப்போம். நாள் முழுக்க அந்த வாசனை. சாயங்காலம் கூட்டம் குறைந்ததும், மிச்சமிருந்த பாதிப் பழத்தை மிளகு மூட்டைக்குப் பின்னால் தூக்கிப்போய், வயிறு வலிக்கிற வரைக்கும் தின்றேன். அவசரத்தில் கையில் எண்ணெய் தடவ மறந்துவிட்டேன். விரலெல்லாம் பிசின்.

நாத்தனார் பார்த்துவிட்டாள். "ஏனுங்க அண்ணி, டயட்டுன்னு சொன்னீங்க. கையெல்லாம் பிசினா இருக்குது?"

எனக்கு அழுகை வரவில்லை, அந்தப் பட்டினிமேல் கோபம்தான் வந்தது. "பட்டினி கெடந்தா இப்பிடித்தான் ஆகும் கண்ணு. நாளைக்குச் சாமைச்சோறு தின்னுட்டுத்தான் கடைக்கு வாரேன்."

"அப்ப ஒடம்பு கொறையுங்களா?"

"மெதுவாக் கொறையட்டும்."

அவள் சிரித்தாள். சிரிக்கட்டும். பட்டினி கிடந்து பிறகு திருடி மாதிரி அள்ளித் தின்பது இன்றோடு சரி. மறுபடியும் ஒரு நாள் அப்படி ஆனாலும் ஆகும், அதற்காக மறுநாள் பட்டினி கிடக்க மாட்டேன்.

நாளைக்கும் பழம் பிளப்பேன். கையில் நன்றாக எண்ணெய் தடவிக்கொண்டு, பஸ் நிற்கிற பக்கம் பார்த்து உட்கார்ந்து, எனக்கு வேண்டிய சுளையை எல்லோரும் பார்க்கத் தின்பேன்.