போணி நேரத்தில் கேட்ட வீடு

நாகர்கோவில்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஜினிக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நீயும் மருமகன் சஜினும் அந்தக் கனடாக் குளிரில் காய்ச்சல் தும்மல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் உங்கள் பேரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறேன். இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய், சிரி. ஃபோனில் சொன்னால் நான் பாதி சொல்வதற்குள் நீ குறுக்கே வருவாய், அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் கதையை அவர் சொல்ல ஆரம்பித்துவிடுவார். கடிதத்தில் என்னை யாரும் நிறுத்த முடியாது பார். வரிசையாகப் படி, கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, தாவினால் எனக்குத் தெரிந்துவிடும்.

நீங்கள் இரண்டு பேரும் கோயம்புத்தூரில் எங்களுக்காகப் பார்த்து வைத்திருக்கிறீர்களே, வயசானவர்களுக்கான அந்தக் குடியிருப்பு, அதைப் பற்றித்தான் இவ்வளவும். நீ அனுப்பிய வீடியோவை அப்பா வாய் பிளந்து பார்த்தார். லிஃப்ட் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், சாப்பாட்டு ஹால் இருக்கிறது, புல்தரையில் வெள்ளை நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தரும் ஒருத்தரோடும் பேசவில்லை, அதை நீ கவனித்தாயா? நான் அதை மட்டும்தான் கவனித்தேன். அந்தப் பாடு நம் காலனி வீட்டிலேயே போதுமே மக்கா. அப்பா மின்வாரியத்திலிருந்து ரிட்டயர் ஆகிப் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு, அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் தெருவில் பாதி வீட்டுக்கு வெளியே பூட்டு, மீதி வீட்டுக்கு உள்ளே பூட்டு, பிள்ளைகள் எல்லாம் துபாய், லண்டன், உன் கனடா. கேட்டில் மணி அடித்தால் அது கூரியர்க்காரன், அவனும் நான் கதவைத் திறப்பதற்குள் பார்சலைத் தூணில் வைத்துவிட்டுப் பைக்கைக் கிளப்பிவிடுவான். எனக்கு ஆள் சத்தம் வேண்டும் ஜினி. வேறு ஒரு குறையும் இல்லை, ஆள் சத்தம்தான் வேண்டும். நீ வருத்தப்படுவாய் என்று இதை ஃபோனில் சொல்ல வாய் வந்ததே இல்லை.

இனி கதைக்கு வருகிறேன், தொடக்கத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாய். கிறிஸ்மஸ் கேக்குக்குக் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கக் கோட்டாறு கம்பளத்துக்குப் போயிருந்தேன். சின்னதில் உன்னைக் கூட்டிப்போனால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்கூட்டரை விட்டு இறங்கமாட்டேன் என்று நிற்பாயே, அந்தப் பழைய சந்தைத் தெருதான். மழை பிடித்துக்கொண்டது, நாகம்மை என்கிற அம்மாளின் மலைச்சரக்குக் கடையில் ஒதுங்கினேன், மிளகு, சுக்கு, ஏலக்காய் எல்லாம் சாக்கில் வாய் திறந்து நிற்கிற கடை. மழையில் நின்று நின்று எனக்கு ஒன்றுக்குப் போக அவசரம் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன், அந்த அம்மாள் கடைக்குப் பின்னால் இருந்த மரப்படியைக் காட்டி மேலே போகச் சொன்னார்கள். போன காரியத்தை முடித்துவிட்டுத் திரும்பினால், ஜினி, மேலே ஒரு வீடு. தெருவில் நின்று பார்த்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தேக்கு மச்சு, காலுக்கு ஜில்லென்று சிவப்புத் தரை, நடுவில் வானம் தெரிகிற முற்றத்தில் மழை நேராகக் கொட்டுகிறது, தெருப்பக்கம் ஆள் உயரத்துக்கு ஜன்னல். ஜன்னலைத் திறந்தேன். கீழே வாழைக்குலை லாரி ஒன்று ஆட்டோவுக்கு வழி விடாமல் நிற்கிறது, இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள், மூன்றாவது ஆள் இரண்டு பேருக்கும் சாயா கொடுக்கிறான், ஒரு அம்மாள் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறாள். நான் வந்த வேலையை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன். உள்ளே விழுந்துவிட்டீர்களோ என்று நாகம்மை மேலே ஏறி வந்தபோதுதான் சுயநினைவு வந்தது. மகன் தோவாளையில் வீடு கட்டிவிட்டான், முழங்கால் வலியோடு இந்தப் படி ஏற முடியவில்லை, வீட்டை விற்றுவிட்டுக் கீழே கடையை மட்டும் வாடகைக்கு வைத்துக்கொண்டு தினமும் பஸ்ஸில் வந்து போகலாம் என்று இருக்கிறேன் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, கல்யாணம் பேசி வந்தபோதுகூட அப்படி அடிக்கவில்லை, இதை அப்பாவிடம் சொல்லாதே.

அப்பாவைச் சம்மதிக்க வைத்துக் கூட்டிப்போனதில்தான் வினை. கார் நிறுத்த இடம் வேண்டுமே என்று விடிந்ததும் விடியாததுமாகக் கிளப்பினார். நாகம்மை அப்போதுதான் வாசலில் தண்ணீர் தெளித்து, விளக்கேற்றி, தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் வியாபாரம் நடக்கவில்லை, அதாவது போணி ஆகவில்லை. அந்த நேரத்தில் கடைப்படி ஏறுகிற ஆள் எதையாவது வாங்க வேண்டும், பேரம் பேசப்பிடாது, வெறுங்கையோடு இறங்கப்பிடாது, இது சந்தையில் கைக்குழந்தைக்கும் தெரியும். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? மிளகைக் கை நிறைய அள்ளி மோந்து பார்த்துவிட்டுத் திரும்பச் சாக்கில் போட்டார். வீட்டுச் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார், வயரிங் எல்லாம் ராஜா காலத்தது என்றார், வீட்டுக்கு விலை கேட்டார், சொன்னதும் பாப்போம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அந்தப் பாப்போம் உனக்குத் தெரியுமே, உன் கல்யாணப் புடவைக்குக் கடை கடையாகச் சொன்ன அதே பாப்போம். நான் பின்னாலேயே ஓடி ஒரு துண்டு சுக்காவது வாங்கியிருக்கலாம், எனக்கும் புத்தி போகவில்லை. மறுநாள் ஃபோன் போட்டால் நாகம்மை சொன்னது இதுதான்: "ஒங்க வீட்டுக்காரருக்கு இந்த வீடு கெடையாது கேட்டியளா. போணி ஆகாத நேரத்துல வீட்டுக்கு வெல கேட்டுட்டு பாப்போம்னு போனாரு. உச்சி வர ஒரு ஆளு எனக்க படி ஏறல்ல."

அப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார். நாம் வேதக்காரர், நமக்கு ஏது போணி கீணி, அந்த அம்மாளுக்கு வீடு விற்க மனசில்லை, நல்லதாய்ப் போயிற்று, கோயம்புத்தூருக்கு மூட்டை கட்டு என்றார். நான் அடுக்களையில் போய் அழுதேன் ஜினி, சொல்ல வெட்கமில்லை. அழுது முடித்ததும் ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் விடியக்காலம் டவுன் பஸ்ஸைப் பிடித்துப் போய், விளக்கேற்றி முடிகிற வரை தெருவிலேயே நின்று, முதல் ஆளாகப் படி ஏறிக் கொஞ்சம் சீரகம் வாங்கினேன். சொன்ன விலையைக் கொடுத்தேன், வீட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. அடுத்த நாள் கிராம்பு. அதற்கடுத்த நாள் பட்டை. நாகம்மை முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். ஆனால் நான் போய் வந்த நாளெல்லாம் கல்யாண வீட்டுச் சரக்கு, ஹோட்டல் சரக்கு என்று ஆர்டர் கொட்டியதாம், எனக்குக் கைராசி என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தப் பேச்சு எதிர்க்கடைக்கும் போயிற்று. எதிரில் வாழைக்குலைக் கடை வைத்திருக்கிற டிஜோ ஒரு நாள் என்னை மறித்து, அக்கா எனக்க கிட்டயும் ஒரு சீப்பு எடுத்துட்டுப் போங்க என்று கையில் திணித்தான். பிறகு கயிற்றுக்கடை, வெற்றிலைக்கடை. சீக்கிரம் நடந்தால் இந்தக் கடை கோபிக்கும், மெல்ல நடந்தால் அந்தக் கடை காத்திருக்கும். ரோட்டைக் கடக்கப் பயப்படுகிற உன் அம்மா ஒரு தெருவையே திறந்து வைத்துக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவாயா? வீட்டில் வைக்க இடமில்லாமல் சுக்கும் கயிறும் குவிந்தது. இதெல்லாம் பாவமா என்று போதகரிடமும் கேட்டேன், அவர் யோசித்துவிட்டு, சீரகம் வாங்குவது பாவம் என்று எங்கும் இல்லை, மீதி இருந்தால் கொஞ்சம் கொடுங்கள் என்றார்.

அப்போதுதான் இன்னொரு ஆள் வந்தான். இடித்துத் தள்ளிவிட்டு வணிக வளாகம் கட்டப் போகிறவன், நாகம்மை கேட்டதற்கு மேலேயே தருகிறேன் என்றான். அந்த அம்மாளின் மகனுக்கு வாயெல்லாம் பல். எனக்கு அன்று பஸ்ஸை விட்டு இறங்கக் கால் வரவில்லை, இது கடைசி நாள் என்று நினைத்துக்கொண்டுதான் படி ஏறி மிளகு கேட்டேன். நாகம்மை மிளகை நிறுத்துக்கொண்டே தராசைப் பார்த்தபடி சொன்னார்கள்: "வீட்ட ஒங்களுக்குத் தாறேன். ஒங்க வீட்டுக்காரருக்கு இல்ல. அவரு பாப்போம்னு சொல்லுக ஆளு, நாளைக்கு எவனாவது வந்து கேட்டா இடிக்கவும் குடுத்துருவாரு. ஒங்க பேருல எழுதுனா தாறேன், சம்மதமான்னு கேட்டுட்டு வாங்க." நான் மிளகுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஸ்டாப் தாண்டிப் போய்விட்டேன்.

சொன்னால் நம்பமாட்டாய், அப்பாவிடம் அதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. காலனி வீடு அவர் பேரில், அதை விற்றால்தான் இது. விற்று வாங்குவது என் பேரில் என்றால் எந்த ஆம்பிளை ஒத்துக்கொள்வான். சொன்னேன். அவர் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார், அது எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. மறுநாள் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். நான் பதறியடித்துக் கோட்டாறுக்குப் போனால், கடைப்படிக்குக் கீழே துவைத்த வேஷ்டியும் சட்டையுமாக, கோயில் ஆராதனைக்கு நிற்கிற மாதிரிக் கை கட்டி நிற்கிறார், நாகம்மை விளக்கேற்றி முடிப்பதற்காக. முடிந்ததும் படி ஏறினார். மிளகைத் தொடவில்லை, ஒரு கிலோ போடுங்கள் என்றார், விலை கேட்காமல் பணத்தை நீட்டினார். நாகம்மை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டதும் அப்பா சொன்னார்: "நான் மாத்தலாயி போன ஊருக்கெல்லாம் இவ ஒரு வார்த்த கேக்காம பெட்டிய கட்டினா. ஒரு தடவ இவ சொல்லுக எடத்துக்கு நான் போறேன். இவ பேருலயே எழுதுங்க." தெருவில் வைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது, டிஜோ ஓடி வந்து சாயா வாங்கிக் கொடுத்தான்.

ஆமாம் ஜினி, வாங்கிவிட்டோம். பத்திரம் என் பேரில். காலனி வீட்டை மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் வாங்கினார், சின்னப் பிள்ளைகள் இருக்கிற குடும்பம், அந்தத் தெருவுக்கு இனி சைக்கிள் மணி கேட்கும். குடி வந்தும் ஆயிற்று, கோபப்படாதே. நெட் சரியில்லை என்று சொல்லி வீடியோ போடாமல் பேசினோமே, அது அப்பாவின் பொய், கடையின் வாடகைக்காரி நாகம்மை சொல்லிக்கொடுத்த பொய். நீ கேட்கப் போகிறதெல்லாம் எனக்குத் தெரியும். டாக்டர் நடக்கிற தூரத்தில் இருக்கிறார். அப்பா ஏற மரப்படிக்குக் கைப்பிடி போட்டாயிற்று, கால் அதிகம் வலித்தால் கடைக்குப் பின்னால் கீழ் அறையும் இருக்கிறது. சத்தம் உண்டு, பாதி ராத்திரி தாண்டினால் லாரிகள் வரும், முதல் வாரம் அப்பா காதில் பஞ்சு வைத்தார், இப்போது லாரி பிந்தினால் என்ன ஆயிற்று என்று ஜன்னலுக்குப் போகிறார். பழைய வயரை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு அவரே நின்று புதிதாக இழுத்தார், இப்போது தெருவில் எந்தக் கடையில் ஃபியூஸ் போனாலும் சாரைக் கூப்பிடு என்கிறார்கள், ரிட்டயர் ஆனதையே மறந்துவிட்டார். நான் ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடை இறக்குவேன், குளச்சல் மீன்காரி சாளை மீனைப் போட்டுக் கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பாள், நான் கூடையை மேலே தூக்கிவிடுவேன். எத்தனை தரம் இறக்கினாலும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கோயம்புத்தூர்க்காரர்களிடம் எங்களுக்கு வேண்டாம் என்று நீயே மரியாதையாகச் சொல்லிவிடு. நீயும் சஜினும் எங்கள் மேல் உள்ள பிரியத்தில்தான் பார்த்தீர்கள், அது எனக்குத் தெரியாதா. இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் நான் எடுக்கவில்லை, மறுநாள் தூங்கிவிட்டேன் என்று சொன்னேன். அது பொய். நீ கனடாவுக்குப் போனதிலிருந்து ஞாயிறு மத்தியானச் சோறு முடிந்தால் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்துவிடுவேன், உன் அழைப்பு வருகிற வரை வேறு வேலை ஓடாது, இதை நீ அறியமாட்டாய். அன்று நாகம்மையின் மகன் தோவாளையிலிருந்து ஒரு கூடை பிச்சிப்பூ கொண்டு வந்தான், தெருப் பெண்கள் எல்லாம் கடைக்குள் வட்டமாக உட்கார்ந்து கட்டினோம், எனக்குக் கட்டத் தெரியவில்லை என்று ஆளாளுக்குக் கேலி செய்து சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. விளக்குப் போட்ட பிறகு மேலே ஏறி வந்து பார்த்தால் ஃபோனில் வரிசையாக உன் பேர். நீ எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அங்கே பயந்துகொண்டிருந்த நேரத்தில் நான் உன்னை மறந்து சந்தோஷமாக இருந்தேன் மக்கா. இனி அம்மா ஃபோன் எடுக்கவில்லை என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்.

கர்த்தர் உங்கள் இரண்டு பேரின் போக்கையும் வரத்தையும் காத்து, கையின் வேலையை வாய்க்கப்பண்ணட்டும். பனியில் வெறும் தலையோடு வெளியே போகாதே. சஜினுக்குப் பிடிக்கும் என்று மிளகு ஒரு பொட்டலம் இதோடு அனுப்புகிறேன், விலை கேட்காமல் வாங்கியது, நன்றாகவே இருக்கும்.

அன்பு முத்தங்களுடன்
உன் அம்மா,
ராகேல் ஜான்ரோஸ்
மலைச்சரக்குக் கடை மாடி, கோட்டாறு.