பின்னறையின் முகவரி

ஏப்ரல் 7, 2025, திங்கள்
நூலக வாசகர் வட்டத்தில் 27ஆம் தேதி அமெரிக்கப் பள்ளி வழக்குகளைப் பற்றிப் பேச வேண்டும். இன்று படித்தது டெட்ராய்ட் வழக்கு, 1974. நகரத்துக் கறுப்பினப் பிள்ளைகளையும் புறநகர் வெள்ளையினப் பிள்ளைகளையும் ஒன்றாகப் படிக்கவைக்கும்படி கீழ் நீதிமன்றம் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. காரணம், நகரமும் புறநகரும் வெவ்வேறு பள்ளி மாவட்டங்கள்; நடுவில் ஓர் எல்லைக்கோடு. பிரித்துவைப்பது சமமாகாது என்று இருபது ஆண்டுகளுக்கு முன் சொன்ன அதே நீதிமன்றம்.

மாலையில் சகாயமேரி வந்தார். நிறுவனம் எனக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸின் பின்னறையில் மகளோடு குடியிருப்பவர். நிறுவனக் கேன்டீனில் கான்ட்ராக்ட் வேலை. "சார், பாப்பாவ டவுன்ஷிப் ஸ்கூல்ல ஆறாவது சேக்கணும். இங்கதான் இருந்துகினு இருக்கோம்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தா போதுங்களாம்."

பின்னறையில் வெளியாரைக் குடிவைப்பது குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டு விதிக்கு முரண். பலர் வைத்திருக்கிறார்கள், எவரும் எழுதித் தருவதில்லை. நானோ சட்டப்பிரிவு அதிகாரி. பார்க்கலாம் என்றேன்.

ஏப்ரல் 9
திலகவதி: "ஊருக்கெல்லாம் நியாயம் பேசப் போறீங்க. பின்னாடி இருக்கறவளுக்கு ஒரு கையெழுத்துப் போட கை வரலையா?"
மனைவிக்குப் பணிவிதிகள் தெரியாது.

ஏப்ரல் 12
நான்காவது வரைவு, ஆங்கிலத்தில். 'நான்கு ஆண்டுகளாக அறிவேன், நன்னடத்தை உடையவர், இக்கடிதம் எவ்வித ஒப்புதலும் ஆகாது.' பொய் ஏதுமில்லை. என்னைப் பொறுப்பாக்கவும் ஏதுமில்லை.
படிக்கத் தெரியாத சகாயமேரி இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "நீங்க எழுதினா சரியாத்தான் சார் இருக்கும்."

ஏப்ரல் 21
விண்ணப்பிக்கக் கடைசி நாள். பள்ளியில் கடிதத்தை ஏற்கவில்லை. வரிசையில் நின்றபோதே சகாயமேரியின் மகள் எவாஞ்சலின் அதை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள். பத்து வயது.
"நாங்க எங்க இருக்கோம்னு எழுதவே இல்லியே, அங்கிள்?"
குற்றம் சாட்டவில்லை. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 27
பேசினேன். கைதட்டினார்கள். ஓய்வுபெற்ற என்ஜினீயர் கருணாகரன் எழுந்து, "அந்த அஞ்சு ஜட்ஜும் கெட்டவங்களா சார்?" என்றார்.
"இல்லை. கவனமானவர்கள்."
தண்ணீர் கேட்டேன்.

மே 5
'இவர்கள் என் வீட்டில் வசிக்கிறார்கள்.' எழுதி, கையொப்பமிட்டு, நானே கொண்டுபோனேன். இடங்கள் நிரம்பிவிட்டன.
ஒரே வரி. இத அன்னிக்கே எழுதியிருந்தா என்னடா போயிருக்கும் உனக்கு? வேலையா? ஒரு மெமோ வந்திருக்கும் — அவ்வளவுதானே?

ஜூன் 1, ஞாயிறு
விண்ணப்பிக்கப் போன அன்று, எங்கே குடியிருக்கிறீர்கள் என்று பள்ளியில் விசாரித்தபோது எவாஞ்சலின், "அங்கிள் வூட்டுக்குப் பின்னாடி" என்று சொல்லிவிட்டாளாம். அன்றுமுதல் சகாயமேரிக்குப் பயம், எனக்காக. கம்மாபுரத்தில் தம்பி வீட்டுக்குப் போகிறார். மகளுக்கு அங்கேயே பள்ளி. முதல் ஷிப்டுக்கு இனி விடியுமுன்னே பஸ் பிடிக்க வேண்டும்.
"எங்களால உங்களுக்கு ஒண்ணும் வந்துடக் கூடாதுங்க சார்."

ஜூன் 2
பின்னறை காலி. இன்றைய தேதியில் என் குவார்ட்டர்ஸில் விதிமீறல் எதுவும் இல்லை.