தலையணைக்கு அடியில் எலும்புக்கூடு

பிப்ரவரி 3, செவ்வாய்

குறி சொல்லும் டாரோ சீட்டுக்கட்டு வந்துவிட்டது. கூடவே ஒரு குட்டிப் புத்தகம். புதுச் சீட்டு உடனே பலன் சொல்லாதாம், முதலில் நம்மோடு பழக வேண்டுமாம். தினமும் அதனிடம் பேச வேண்டும், தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்க வேண்டும், வேறு யார் கையும் படக் கூடாது. மாப்பிள்ளை வீட்டார்கூட இத்தனை கண்டிஷன் போடமாட்டார்கள்.

ஆனால் எனக்கு வேறு வழியில்லை. கம்பெனியில் பெர்மனென்ட் இடம் ஒன்றே ஒன்று காலி. இருபத்தொன்றாம் தேதி டெஸ்ட். கிடைத்தால் ஓசூரிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்துவிட வேண்டும் என்று அப்பா பொங்கலுக்கே சொல்லிவிட்டார். அங்கே அத்தை மகன் செல்போன் கடையோடு காத்திருக்கிறான். நல்லவன்தான். எனக்குத்தான் வேண்டாம்.

பிப்ரவரி 4

நான் வீரலட்சுமி, சர்க்யூட் போர்டு அசெம்பிளி லைன், முதல் ஷிப்ட் என்று சீட்டுக்கட்டிடம் அறிமுகம் செய்துகொண்டேன். நீ யார் என்று கேட்டு ஒன்றை உருவினேன். ஒருவன் மரத்தில் தலைகீழாகத் தொங்குகிறான், முகத்தில் ஒரு கவலையும் இல்லை. பொங்கல் முடிந்து பஸ்ஸில் நான் ஓசூர் வந்து சேர்ந்த நிலைமையும் ஏறக்குறைய அதுதான்.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று கம்பெனி பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. என்ன கூறுகெட்டவள் நான்! அந்தத் தலையணை எனக்கு மட்டுமா?

இந்த ஹாஸ்டலில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். இரவு நான் தூங்குகிறேன். நைட் ஷிப்ட் முடித்து வரும் மாதேஸ்வரி பகலில் அதே கட்டிலில் தூங்குகிறாள். நாட்றாம்பாளையத்துப் பெண், வீட்டில் கன்னடம். மாசக்கணக்காக ஒரே கட்டில், ஆனால் முகம் பார்த்துப் பேசியது அபூர்வம். அவள் தலை எண்ணெய் வாசனை எனக்குத் தெரியும், என் ஹேர்பின் அவளைக் குத்தியிருக்கும். அவ்வளவுதான் உறவு. இப்போது சீட்டுக்கட்டு என்னோடு ராத்திரி பழகிவிட்டு அவளோடு பகலெல்லாம் பழகுகிறது.

கையோடு எடுத்துப் போகலாம் என்றால் கம்பெனி கேட்டில் ரம்மி ஆடுகிறாயா என்பார்கள். அலமாரியில் வைத்தால் பழக்கம் விட்டுப்போகும் என்கிறது புத்தகம். போதாக்குறைக்கு, டெஸ்டுக்குப் பெயர் கொடுத்தவர்களில் மாதேஸ்வரியும் உண்டு.

பிப்ரவரி 8

வேலை யாருக்கு என்று கேட்டேன். சிம்மாசனத்தில் ஒரு ராணி வந்தாள். எந்த ராணி? கட்டிலில் இரண்டு பேர் இருக்கிறோமே.

பிப்ரவரி 11, புதன்

போச்சு. எல்லாம் போச்சு.

ஷிப்ட் முடிந்து வந்தால் கட்டில் காலில் மஞ்சள் கயிறு, அடியில் எலுமிச்சம்பழம். வார்டன் முனிலட்சுமி அக்கா என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். மாதேஸ்வரி தலையணை உறை மாற்றும்போது சீட்டெல்லாம் விழுந்து சிதறியிருக்கிறது. அவள் காலடியில் மல்லாந்து கிடந்தது குதிரைமேல் எலும்புக்கூடு வரும் மரணச் சீட்டு. டெஸ்டில் அவளைக் கவிழ்க்க நான் செய்வினை வைத்துவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டாள். துணி தேய்க்கிற அறைக்குப் பாயோடு குடிபோய்விட்டாள்.

எனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு, ஒரே கட்டில்ல படுக்கிறவளுக்குச் சூனியம் வைக்க? எலும்புக்கூடு வந்தால் பழையது போய்ப் புதியது வரும் என்றுதான் அர்த்தம், புத்தகத்திலேயே இருக்கிறது என்று வார்டனிடம் சொன்னேன். இதுக்குப் புத்தகம் வேற வச்சிருக்கியா என்று கேட்டுவிட்டு அவர் இரண்டடி பின்னால் போனார்.

பிப்ரவரி 13

ஒன்று சொல்ல வேண்டும். பாத்ரூம் வரிசையில் என்னை முதலில் விடுகிறார்கள். என் ஊறுகாய் பாட்டிலை யாரும் தொடுவதில்லை. இந்த ஹாஸ்டலில் எனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததே இல்லை.

பிப்ரவரி 14

மாதேஸ்வரி வேலையில் தூங்கி வழிந்து சால்டரிங் அயர்னில் விரலைச் சுட்டுக்கொண்டாளாம். பயத்தில் பகலெல்லாம் பொட்டுத் தூக்கம் இல்லையாம். டெஸ்ட் அன்றைக்குக் கை நடுங்கினால் அவள் காலி. எனக்கு நல்லதுதானே? நல்லதுதான். அப்புறம் ஏன் சோறு இறங்க மாட்டேங்குது? நான் ஒண்ணும் வைக்கல. ஆனா வச்ச மாதிரியேல்ல வேலை செய்யுது —

பிப்ரவரி 15, ஞாயிறு

சீட்டுக்கட்டோடு தேய்க்கிற அறைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் பாயைச் சுருட்டினாள். விரலில் பிளாஸ்திரி, கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"நேராவே கேக்கறேன். எனக்கு எதாச்சும் வெச்சியாக்கா?"

"வைக்கத் தெரிஞ்சா நான் ஏம்டி இன்னும் கான்ட்ராக்ட்ல கெடக்கேன்?"

கொஞ்சம் யோசித்தாள். அந்த நியாயம் அவளுக்குச் சரியாகப் பட்டது. சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள், எலும்புக்கூட்டை மட்டும் தொடவில்லை. ஆனாலும் பயம் உடம்பில் ஏறிவிட்டது, பக்கத்தில் ஆள் இருந்தால்தான் தூக்கம் வரும் என்றாள். சூனியம் வைத்ததாகச் சொன்னவளையே காவலுக்கு உட்கார வைக்கிறாள், பாருங்கள்.

பிப்ரவரி 18

மதியம் வந்ததும் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து டெஸ்ட் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கிறேன். இரண்டாம் பக்கம் தாண்டுவதற்குள் குறட்டை. இந்தப் புத்தகத்துக்கு இப்படி ஒரு குணம் இருப்பது கம்பெனிக்குத் தெரியாது.

பிப்ரவரி 21, சனி

டெஸ்ட். கைவேலை நன்றாகச் செய்தேன். வாய்க் கேள்வியில், போர்டில் ஈரம் பட்டால் என்ன செய்வாய் என்றார்கள். படித்தது நான்தான். இடது பக்கம், மேலே இருந்தது என்பதுவரை ஞாபகம் வருகிறது. பதில் மட்டும் வரவில்லை. மாதேஸ்வரி எல்லாவற்றுக்கும் கடகடவென்று சொல்லிவிட்டாளாம். எப்படி என்றால், நீ படிச்சது தூக்கத்துல காதுல விழுந்துதுக்கா என்கிறாள்.

பிப்ரவரி 25, புதன்

மாதேஸ்வரிக்குக் கிடைத்துவிட்டது. எனக்குக் கான்ட்ராக்ட் நீட்டிப்பு மட்டும்.

வயிறு எரிகிறது. அவள் கையைப் பிடித்து வாழ்த்துச் சொல்லிவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன். அங்கேயும் வரிசை இருந்தது. அங்கேயும் என்னைத்தான் முதலில் விட்டார்கள்.

பிப்ரவரி 26

அப்பா போன். ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போடட்டுமா என்றார். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டுச் சீட்டைப் பரப்பினேன். எது வந்தாலும் ஒன்றும் புரியவில்லை, எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. மாதேஸ்வரி வந்து எதிரே உட்கார்ந்து புத்தகத்தை மூடினாள்.

"ஊருக்குப் போவணுமா, வேணாமாக்கா? சீட்டக் கேக்கல. உன்னக் கேக்கறேன்."

"வேணாம்டி."

"அப்ப அதையே உங்கப்பாகிட்ட சொல்லு."

சொன்னேன். கான்ட்ராக்டை இன்னும் ஒரு வருஷம் நீட்டியிருக்கிறார்கள், நான் வரவில்லை, அத்தை மகனும் வேண்டாம் என்று ஒரே மூச்சில். அப்பா கேட்டது ஒன்றுதான். அத்தையிடம் யார் சொல்வது? நானே சொல்கிறேன் என்றேன். சொல்லியும்விட்டேன். இன்னும் காது வலிக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

பாகலூர் ரோட்டில் ரூம் பிடித்துவிட்டோம். பெர்மனென்ட் ஆனதும் மாதேஸ்வரியை முதல் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் இனி ஒரே ஷிப்ட், அதனால் கட்டில் இரண்டு. சீட்டுக்கட்டோடு இப்போது மாதேஸ்வரிதான் பேசுகிறாள், அதுவும் கன்னடத்தில். என்னைவிட அவளிடம்தான் அது நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஜன்னல் ஓரக் கட்டில் யாருக்கு என்று ஒரு சீட்டு எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். என் தலையணையைத் தூக்கி ஜன்னல் ஓரம் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.