பதினான்காம் கூண்டும் ஒரு முறுக்கும்

இன்று காலை மகளுக்காகச் சப்பாத்தியைப் பாலில் ஊறவைத்து மிக்ஸியில் அடித்தேன். மூடியைத் திறந்ததும் ஊறிய மாவின் அந்த வாசனை. ஒரகடத்தில் நாம் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் எலி அறை நினைவுக்கு வந்தது. பின்னாலேயே நீயும் வந்துவிட்டாய்.

தாய்ப்பால் மறந்த எலிக்குட்டிகள் அவை. பாதிக்குக் கடினமான தீவனக் கட்டி. மீதிக்கு அதே தீவனம், பொடித்துத் தண்ணீரில் குழைத்த கூழாக. மென்று வளர்ந்தால், மெல்லாமல் வளர்ந்தால், காதுக்குக் கீழே இருக்கும் எச்சில் சுரப்பி எப்படி மாறுகிறது என்று பார்க்கும் ஆய்வு. தீவனம் வைப்பது நான், சரிபார்ப்பது நீ. தீவனப் பதிவுத் தாளில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் உன்னுடையது இருக்க வேண்டும். நீயோ கூண்டை எட்டிக்கூடப் பார்க்காமல் போடுவாய். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

கட்டி தின்னும் கூட்டத்தில் பதினான்காம் கூண்டுக் குட்டிதான் நோஞ்சான். முன்கால்களால் கட்டியைப் பிடித்துக்கொண்டு அது கொறிக்கப் படும் பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை. தினமும் யாருக்கும் தெரியாமல் அதற்குக் கூழ் வைத்தேன். தாளில் மட்டும் ‘கட்டி’ என்று எழுதினேன்.

கடைசியில் சுரப்பிகளை எடை போட்டார்கள். கட்டி தின்றவற்றுக்கு நன்றாகத் திரண்டிருந்தது, கூழ் தின்றவற்றுக்குச் சிறுத்திருந்தது. பதினான்கு மட்டும் கட்டிக் கூட்டத்தில் இருந்துகொண்டு கூழ்க் கூட்டத்தின் எடையைக் காட்டியது. பொறுப்பாளர் தராசைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய். வெளியே இழுத்துக்கொண்டு வந்தாய்.

“இன்னாடி பண்ணே?”

“பாவமால்லா இருந்துச்சு.”

“நல்லா பாவம் பாத்தே போ. என் கையெழுத்தும் அதுல கீதுடி!”

இரண்டு பேர் வேலையும் போய்விடும் என்று பயந்தேன். நீ பென்னலூர்க்காரி, இனி சத்தம் போட்டு ஊரைக் கூட்டப் போகிறாய் என்று நினைத்தேன். நீ பேனாவை நீட்டினாய்.

“எழுதிக் குடுத்துடு. நானும் கூட வரேன்.”

எழுதினேன். பார்க்காமல் கையெழுத்துப் போட்டது தன் தவறு என்று நீயும் கீழே எழுதினாய். நல்ல திட்டு விழுந்தது. பதினான்கை ஆய்விலிருந்து நீக்கினார்கள், நம்மை நீக்கவில்லை. நாம் சேர்ந்து தங்கியிருந்த குன்றத்தூர் அறைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஒரு முறுக்கை உடைத்துப் பாதியை என் வாயில் திணித்தாய். “கட்டி குரூப்பு, மென்னு தின்னு” என்றாய். அழுகையும் சிரிப்புமாகத் தின்றேன்.

போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாகப் பேசினாய். குரல் மெலிந்திருந்தாலும் கிண்டல் குறையவில்லை.

“உன் பொண்ணு மென்னு தின்றாளா, இல்ல கூழ் குரூப்பா?”

“முழுசாத்தான் திங்கா” என்றேன். பொய். தொண்டையில் சிக்கிக்கொள்ளுமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் அரைத்துத்தான் ஊட்டிக்கொண்டிருந்தேன். அதைத் திருத்திச் சொல்வதற்குள் நீ போய்விட்டாய்.

மூன்று வயதாகிவிட்டது அவளுக்கு. இன்று மிக்ஸி ஜாரை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறுக்குத் துண்டைக் கொடுத்தேன். முதலில் நக்கினாள். பிறகு ஒரே கடி. அந்தச் சத்தத்தில் அவளே திடுக்கிட்டுச் சிரித்தாள். எச்சில் மோவாய் வரை வழிந்தது. எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அதனால் எழுதிக் கொடுக்கிறேன்: நேற்று வரை கூழ்தான். கீழே என் கையெழுத்து. பக்கத்தில் உனக்கு விட்ட இடத்தில் அவள் எச்சில் கையை வைத்துவிட்டாள். நான் துடைக்கவில்லை.