அந்தச் சனி ஞாயிறு கடல் சரியில்லை

அன்பு மகள் தனேஸ்வரிக்கு,

புக்கிட் ரோத்தானிலிருந்து அம்மா எழுதுகிறேன். மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தம்பியும் சுகமாக இருக்கிறோம். தியோமான் தீவில் நீயும் கடலும் அமைதியாக இருப்பதாக அப்பா தினமும் சொல்கிறார். நீ அமைதியாக இருப்பது எனக்குச் சந்தோஷம்தான். கடல் அமைதியாக இருப்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். என் போன் நாள் முழுக்க உன் அப்பா கையில் இருக்கிறது. அவருடைய பழைய போனில் இன்டர்நெட் வராது. முன்பெல்லாம் நாலு நம்பர் லாட்டரி முடிவு பார்க்க வாங்குவார், இப்போது உன் தீவில் வெயிலா மழையா, அலை எத்தனை மீட்டர், காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வாங்குகிறார். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறாரா, கோயிலுக்கு வருகிறவர்களை நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார். கல்யாண வாரம் பளிச்சினு இருக்கு லா, அலை அரை மீட்டர்கூட இல்ல, என் பிள்ள காலைல ஃபெரி ஏறினா சாயங்காலம் வீட்டுல இருக்கும் என்று நேற்றுகூட ஐயரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கேயோ முந்தாநாள் அடித்த காற்றில் சுங்கை புரோங் பக்கம் நெல்லெல்லாம் சாய்ந்துவிட்டது, எதிர்வீட்டு ஜிங்க் கூரைத் தகடு பறந்துபோய் மாமரத்தில் தொங்கியது. அடிக்க வேண்டிய காற்று அங்கே அடிக்காமல் இங்கே வந்து அடிக்கிறது. கல்யாணத்தைக் கார்த்திகையில் வைத்திருந்தால் மழைக்காலக் கடலே என் வேலையைச் செய்திருக்கும். பெண் வீட்டார் ஆவணிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தம்பி கல்யாணத்துக்கு நீ வர வேண்டாம். வர முடியவில்லை என்று நீயே சொல்ல வேண்டும். கடல் சரியில்லை, ஃபெரி ஓடவில்லை என்று சொல்.

கோபப்படாமல் மீதியையும் படி. போன மாதம் பரிசம் போட ரவாங் போயிருந்தோம். தட்டு மாற்றி முடிந்து காபி குடிக்கும்போது சம்பந்தியம்மா, நாத்தனார் முடிச்சு யாருங்க போடுறாங்க என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார், வேறொன்றும் பேசவில்லை. ஆனால் மூன்று முடிச்சில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, மற்ற இரண்டும் அவன் கூடப்பிறந்தவள் போடுவது என்று அந்தம்மாவுக்குத் தெரியாதா, விமலனுக்கு ஒரே அக்காள் என்று தெரியாதா, அந்த அக்காள் தாலி இல்லாதவள் என்றுதான் தெரியாதா. யாரும் வாயைத் திறக்குமுன் நானே முந்திக்கொண்டு, என் தங்கச்சி மக ஷர்மினி போடுவா என்று சொல்லிவிட்டேன். அந்தம்மா தலையாட்டினார். சந்தோஷத்தில் ஆட்டினாரா சும்மா ஆட்டினாரா என்று நான் ஆராயப் போகவில்லை. கிள்ளான் சம்பந்தம் எப்படிப் போனது என்று உனக்கு நினைவிருக்கும். மூத்தவ புருஷன கடல் கொண்டுபோன வீடு, நமக்கெதுக்கு என்று சொல்லி, வந்த ஜாதகத்தை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு விமலன் ஒரு வருஷம் பெண்ணே வேண்டாம் என்று திரிந்தான். இந்த முறையும் தவறினால் அவனுக்கு வயது நிற்குமா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, தனேசு. என் கையில் இருப்பது உன்னை மறைத்து வைப்பது ஒன்றுதான்.

வரப்போகிற மருமகள் நித்தியா நல்ல பெண்தான், கொஞ்சம் வெகுளி. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, அண்ணி எப்ப வராங்க அத்த, நான் வேணா ஃபெரி ஜெட்டிக்குப் போயி கூட்டிட்டு வரட்டா என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். விமலன் சிரித்துக்கொண்டே, அக்கா போடாம வேற யாரு முடிச்சு போடுவா, வந்துதான ஆகணும் என்றான். பால் பொங்குகிறது என்று நான் உள்ளே போய்விட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. நாளைக்கு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், அவன் வேலையிடத்தில் கையை வெட்டிக்கொண்டாலும், அந்த முடிச்சைப் போட்டது யார் என்றுதான் கேட்பார்கள். இன்று அண்ணி என்கிற அதே நித்தியா கேட்பாள். அந்தப் பேச்சு உனக்கும் வேண்டாம்.

விமலன் உனக்கென்று கிள்ளானில் ஒரு நாத்தனார் சேலை வாங்கி வந்தான், அரக்குச் சிவப்பு, ஜரிகை நன்றாகவே இருந்தது. நீ விட்டுப்போன பழைய ஜாக்கெட்டை அளவுக்குக் கொடுத்துத் தைக்கவும் போட்டுவிட்டான். அதை நான் தையல்காரியிடமிருந்து வாங்கி ஷர்மினிக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு மார்பில் இறுக்கம், இரண்டு பக்கமும் பிரித்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். உனக்குச் சிவப்பு இனி எதற்கு? அங்கே வெயிலில் கிடந்து கறுத்தும் போயிருப்பாய், எடுபட்டிருக்காது.

ஏன் கடலைச் சொல்லச் சொல்கிறேன் என்று யோசி. ரிசோர்ட்டில் லீவு தரவில்லை என்றால் விமலன் உன் மேனேஜருக்கே போன் போட்டுச் சண்டை பிடிப்பான். காய்ச்சல் என்றால் அப்பா மாத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கடல் என்று சொன்னால் இரண்டு பேரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். உன் வீட்டுக்காரர் ஜீவன் போன சமயம் மெர்சிங் ஃபெரி ஜெட்டியில், தண்ணீரைப் பார்த்தபடி சோறு தண்ணியில்லாமல் உட்கார்ந்திருந்தவர் உன் அப்பா. வேணாம்மா, ஏறாத, உசுரு முக்கியம் என்று அவரே சொல்லிவிடுவார், பார். போனில் வெயில் என்று காட்டுகிறதே என்று கேட்டால், அவரு கடலுக்குப் போன அந்தச் சனிக்கிழமையும் போனில் வெயில்தான் காட்டிச்சு என்று சொல். அதற்கு மேல் அவரால் பேச முடியாது. உண்மையும் அதுதானே, சுற்றுலா வந்தவர்களைப் பவளப்பாறை பார்க்கக் கூட்டிப்போன மனுஷன், வானம் பளிச்சென்று இருந்தது, ஒரே ஒரு காற்று, வந்தவர்கள் கரையேறினார்கள், அவர் ஏறவில்லை. உயிரோடு இருந்தவரை மாமியார் வீட்டுக்கு ஒரு சல்லி உதவி செய்ததில்லை. இந்த ஒன்றையாவது செய்துவிட்டுப் போகட்டும்.

நீ அழுவாய், தெரியும். எனக்கு மட்டும் வயிறு எரியவில்லையா? உன்னைப் பெற்ற வயிறுதான் அவனையும் பெற்றது. உன் வாழ்க்கை முடிந்துவிட்டது, அவனுக்கு இப்போதுதான் தொடங்குகிறது, எதைக் காப்பாற்றுவது என்று நீயே சொல். ஜீவன் காரியம் முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடு என்று நான் உன்னைக் கூப்பிட்டிருக்கலாம் என்று உன் மனதில் இருக்கிறது. கூப்பிடவில்லை. அப்போதும் விமலனை நினைத்துத்தான் கூப்பிடவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். நான் உன்னிடம் கேட்பது ஒரே ஒரு பொய்.

தாமதிக்காதே. உன்னை அழைத்து வர அப்பா ஏற்கெனவே வேன் சொல்லி வைத்திருக்கிறார், அசாம் ஜாவாவில் உள்ள பையனோடு வியாழக்கிழமை மெர்சிங் புறப்படுவதாக ஏற்பாடு. அங்கே போய் நின்றுவிட்டால் கடல் அவர் கண் முன்னால் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கும், அப்புறம் எந்தப் பொய்யும் எடுபடாது. அதனால் புதன்கிழமைக்குள் போன் செய். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட்டதென்றால் ஃபெரி ஓடுகிறது என்றுதான் அர்த்தம், அதை நினைத்துச் சிரித்துக்கொள், ஆனால் அவரிடம் உளறிவிடாதே.

கல்யாணம் முடிந்து மறுவீடும் முடிந்த பிறகு, கறி விருந்து ஆரவாரமெல்லாம் அடங்கிய ஒரு சாதாரண நாளில் வா. நண்டு வாங்கி நீ விரும்புகிற மாதிரி மிளகு அரைத்து வைக்கிறேன். நித்தியாவிடம் சேர்ந்தாற்போல் நிற்க வேண்டாம், தள்ளி நின்று வாழ்த்து. வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் இருக்காதே. மாரியாத்தா உன்னை நன்றாக வைக்கட்டும். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

ஒன்றை மறக்காதே. போன் பேசும்போது மேசை விசிறிக்கு முன்னால் நின்று பேசு. அப்பா குளிக்கப் போன நேரத்தில் நான் சமையலறையில் விசிறிக்கு முன்னால் நின்று உன் சித்திக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டேன், எங்கக்கா இருக்க, காத்து இந்த அடி அடிக்குது என்று பதறினாள். மூன்றாம் நம்பரில் வை. இரண்டில் வைத்தால் அப்பாவுக்குக் கேட்காது, அவருக்குக் காது மந்தம்.

உன் நன்மையையே நினைக்கும்
அம்மா,
லீலாவதி